எந்த நெஞ்சு, கண்ணு?

வா கண்ணு, டேப்பும் நோட்டுமாக் காட்டுக்குக் கெளம்பிட்டயாக்கு? மரத்தை நெஞ்சு உயரத்துல அளக்கோணும்னு காலேசுல சொல்லியிருப்பாங்களே, எந்த நெஞ்சுன்னு கேட்டயா? உன்ற நெஞ்சு வேற, உன்ற நெட்டைச் சேக்காளி நெஞ்சு வேற. கணக்கு நாலரை அடி, 1.37 மீட்டர். அந்த நீளத்துக்கு ஒரு குச்சியை நறுக்கிக்க. சரிவுல மேட்டுப்பக்கம் நின்னு அளந்துக்க. பள்ளத்துல நின்னயின்னா டேப்பு தூருப்பக்கம் எறங்கிப் பருமன் எச்சாக் காட்டும். கொடி படந்திருந்தா இழுத்துப் போட்டுட்டுச் சுத்து, இல்லாட்டி கொடியும் மரமாயிரும்.

ஒரு மீட்டர்ச் சுத்துக்கு அஞ்சு செண்டிமீட்டர் தொங்கலா விட்டா என்ன கெட்டுப்போச்சுங்கறயா? சுத்தளவை அதாலயே பெருக்கி 12.57-ல வகுத்தாத்தானே வெட்டுப்பரப்பு. 796 சதுர செண்டிமீட்டர் மரம் உன்ற நோட்டுல 877 ஆயிரும். நூத்துக்குப் பத்து சும்மா மொளைச்சிருச்சு பாரு!

உங்கொப்பன் வாய்க்கா மேட்டுல பத்தடிக்குப் பத்தடி தேக்கு வெச்சுட்டு, ஏக்கராவுக்கு 435 மரம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். பந்தியில எலையை எண்ணிட்டா வயிறு ரொம்பிருமா? அரை மீட்டர்ச் சுத்துள்ள நாலு மரம் சேந்தாத்தான் ஒரு மீட்டர் மரம் ஒண்ணுக்கு ஈடு. பாதியை வெட்டி எடம் உடறான்னா, புள்ளையை வெட்டச் சொன்னாப்பல மொறைக்கறான்.

டேப்பு சொமக்க அலுப்பா இருந்தா அதுக்கும் வழி இருக்குது. ஆஸ்திரியாவுல பிட்டர்லிச்னு ஒருத்தர், 1948-லயே எழுதி வெச்சுட்டாரு. அரை மீட்டர்க் குச்சி, முனையில ஒரு செண்டிமீட்டர் அகலத்துல தகடு. மறுமுனையைக் கண்ணோரம் வெச்சு, நின்ன எடத்துலயே ஒரு வட்டம் திரும்பு. தகட்டுக்கு ரெண்டு பக்கமும் துருத்திட்டுத் தெரியற மரத்தை மட்டும் எண்ணு. 18 வந்தா ஹெக்டேருக்கு 18 சதுர மீட்டர் அடிப்பரப்பு, அதான் அத்தனை மரத்து வெட்டுப்பரப்பையும் கூட்டுனது. எனக்கெப்படித் தெரியும்னு முழிக்காத. உன்ற புஸ்தகந்தான், நீ தூங்கையில பொரட்டுனேன். ஆனா மொத மரத்துல சுண்ணாம்புப் பொட்டு வெச்சுக்க. நடுவால போன் அடிச்சா எங்க ஆரம்பிச்சம்னே மறந்துருவ.

இன்னொண்ணு, பழைய அளவுப் பேரேட்டோட ஒத்துப் பாக்கச் சொன்னாங்கன்னியே, அதை மட்டும் நம்பீராத. அந்தக் காலத்துல நீ போற மலைக்கு டேப்புப் புடிக்கப் போனவன் நாந்தான். அடை மழை, காலெல்லாம் அட்டை. பாதி மரத்துக்குப் பாறை மேல உக்காந்தே அளவு சொன்னேன்.