பெங்களூரில் ராமர் பிறந்தால் மைக் செட் வந்துவிடும்

சென்னைக்குச் சங்கீதம் டிசம்பரில்தான் கேட்கும். 1927 டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாடு போட்ட விதை அது. பெங்களூருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அங்கே ராமநவமியை ஒட்டிப் பந்தல் எழும், கச்சேரிகள் வாரக்கணக்கில் தொடரும். ராமருக்குப் பிறந்தநாள் ஒன்றுதான் என்பதை எந்தக் கமிட்டியும் பொருட்படுத்துவதில்லை.

இவற்றில் மூத்தது சாம்ராஜ்பேட்டை ஸ்ரீ ராமசேவா மண்டலியின் விழா. கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தலில் எம்.எஸ். சுப்புலட்சுமியும் செம்பையும் பாடியிருக்கிறார்கள். தமிழ்நாட்டு வித்வான்கள் பலருக்கும் இது கோடைக்காலத்து இரண்டாவது வீடு.

பேட்டைக் கோயில் விழாக்களின் இலக்கணம் சற்று வேறு. பானகம், நீர்மோர், பாசிப்பருப்புக் கோசம்பரி ஆகிய மூன்றும் பக்கவாத்தியங்களுக்கு நிகரானவை. வெல்லம், சுக்கு, ஏலக்காய் கலந்த பானகம் வெயிலுக்கு இதம் என்பது மரபு. வரிசை நகரும் வேகத்தைப் பார்த்தால் பக்திக்கும் அதுவே இதம் என்று தோன்றும். ராக ஆலாபனையின் நடுவே எவர்சில்வர் டம்ளர் விழும் ஓசைக்குப் பாடகர் பழகியிருக்க வேண்டும், ஆட்டோ ஹார்னுக்கும்தான்; அது எப்போதும் வேறு சுருதியில் இருக்கும்.

பொன்னாடை போர்த்தும் சடங்கு முக்கிய உருப்படிக்குச் சற்று முன்பு வரும். கூட்டம் எழுந்து போகாத நேரம் அது ஒன்றுதான். ஏப்ரல் மாத மாம்பழ மழை பந்தலைப் பிடித்துக்கொண்டால் உரைகள் சுருக்கப்படும். மழைக்கு இப்பகுதியில் ரசிகர்கள் அதிகம்.