திரும்பி வந்தால் எந்த மருந்து?

கேள்வி: மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் ஒருமுறை அடங்கித் திரும்ப வந்துவிட்டால், அடுத்த மருந்தைச் சீட்டுக் குலுக்கியா எடுப்பார்கள்?
(வாசகி, போர்ட் பிளேர்)

பதில்: பழைய மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்ததா, நிறுத்தி வருஷக்கணக்கான பிறகு வந்ததா? டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான். ஓடும்போதே வந்திருந்தால் அந்த மருந்து இனி எடுபடாது, மாற்றவேண்டும். நெடுநாள் கழித்து வந்தால் அதையே மறுபடி கொடுத்துப் பார்க்கலாம். கால் மரத்துப்போகிறதா, சிறுநீரகம் எப்படி என்றும் பார்ப்பார்கள். தீவுக்காரர் நீங்கள் இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும்: மெயின்லேண்டுக்குக் கப்பலில் மூன்று நாள். போர்டிசோமிப் ஊசியை வாராவாரம் போட்டுக்கொள்ளவேண்டும்; பொமாலிடோமைடு வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை. தயங்காமல் சொல்லுங்கள், தூரமும் மருத்துவக் காரணம்தான்.

கேள்வி: அந்த மாத்திரை தாலிடோமைடுக்கு உறவாமே? அது விரட்டியடித்த மருந்தாச்சே!

பதில்: உறவென்ன, கூடப்பிறந்த தம்பியே! கை கால் குறையோடு குழந்தைகள் பிறந்ததால் 1961-ல் ஜெர்மனியில் கடையைவிட்டே வெளியேற்றப்பட்ட அண்ணன், 1999-ல் பேர் வாங்கியது, மற்ற மருந்துகளுக்கு மசியாத மைலோமாவை அடக்கித்தான். பழைய ஆபத்து மட்டும் தம்பிக்கும் உண்டு. கர்ப்பிணி இருக்கும் வீட்டில் அந்த டப்பாவைப் பூட்டியே வையுங்கள்.