கார் வாங்கின கதையும் கால்மிதியும்

ஸ்காபரோ,
கார்த்திகை 2025.

அன்புள்ள பெரியக்காவுக்கு,

  

வட்ஸ்அப்பிலை போட்ட படத்தைப் பார்த்துப்போட்டு, "கார் வடிவாய்க் கிடக்கு, என்ன விலை?" எண்டு கேட்டிருந்தியள். அதே கேள்வியைத்தான் நானும் கார்க் கடையிலை கேட்டனான். ஒரு பின்னேரம் முழுக்க இருந்தும் மறுமொழி வரேல்லை. அந்தக் கதையை வொய்ஸ் மெசேச்சிலை சொல்லேலாது, அதாலைதான் இந்தக் கடிதம்.

யப்பான்காரனின்ரை கார்தான். எந்தக் கடை எண்டு எழுதமாட்டன், அந்தப் பெடியனும் எங்கடை பெடியன். நாங்கள் வாசலுக்குள்ளை கால் வைக்க முதலே "வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி" எண்டு கோப்பியோடை வந்திட்டான். நான் விலையைக் கேட்டன். அவன், "கிழமைக்கு எவ்வளவு கட்டினால் உங்களுக்குச் சுகம், அங்கிள்?" எண்டு திருப்பிக் கேட்டான். நான் முழிச்சன். "கிழமைக்கு வெறும் 125 டொலர்தான். ஒரு நாளைக்குப் பதினெட்டு டொலரும் வராது" எண்டான்.

நீங்கள் திருநெல்வேலிச் சந்தையிலை கத்தரிக்காய் விலை கேக்கேக்கை, "அக்கா, மாசம் எவ்வளவு கட்டுவியள்?" எண்டு ஆரும் கேட்டவையோ? மகள் பக்கத்திலை இருந்து போனிலை கணக்குப் போட்டாள். வருசத்துக்கு 52 கிழமை, அப்பிடி 7 வருசம்: 45,500 டொலர். கார் வரியோடை 36,000. மிச்ச 9,500 ஆருக்கு எண்டு கேட்டன். "அது வட்டி அங்கிள்" எண்டான், சாமி பேரைச் சொல்லுறமாதிரி பயபக்தியோடை.

இஞ்சை இப்ப 84 மாதக் கடன் சாதாரணம். 96 மாதமும் குடுக்கினம். எட்டு வருசத்திலை பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சுக் கம்பசுக்குப் போயிடும், கார்க் கடன் மட்டும் வீட்டிலை இருக்கும்.

பேந்து ஒரு கடதாசி கொண்டு வந்தான். அக்கா, அதை நீங்கள் பார்த்திருக்க வேணும். குளிரூட்டிக்கு 100 டொலர் மத்திய அரசாங்க வரி. வெளியிலை பூச்சியத்துக்குக் கீழை நாலு பாகை. எனக்குப் பல்லுக் கிட்டுது. இந்தத் தேசத்திலை குளிர்காத்துக்கு வரி. அது உண்மையான வரிதான், அதிலை ஒண்டும் செய்யேலாது. கடதாசியிலை அதுக்குக் கீழை, ரயருக்கு நைதரசன் அடிக்கிறதுக்கு 199 டொலர். மகள் தலையை நிமித்தாமலே, "சும்மா காத்திலையே நூற்றுக்கு 78 பங்கு நைதரசன்தானே" எண்டாள். பள்ளிக்கூடத்திலை படிக்கேக்கை அத்தான் அவளுக்கு ஸ்கைப்பிலை இரசாயனம் சொல்லிக் குடுத்தவர் எல்லோ, அந்தப் பாடம் அண்டைக்குப் பலிச்சுது. அதுக்குக் கீழை, சீற்றிலை கறை பிடியாத மருந்தும் வேறை ஏதோ பூச்சும் எண்டு 1,500.

பெடியன் அப்பத்தான் தன்ரை பெரிய ஆயுதத்தை எடுத்தான். "அன்ரி எந்த ஊர்?" உங்கடை மச்சாள் கரவெட்டி எண்டாள். "ஐயோ, அம்மாவும் கரவெட்டிதான்!" பிறகென்ன, எந்த வளவு, எந்தக் கோயிலடி, ஆரின்ரை பேத்தி எண்டு கதை போய், கடைசியிலை ரெண்டு பேரும் ஏதோ ஒரு முறையிலை சொந்தம் எண்டு வந்து நிண்டுது. எனக்கு நெஞ்சு பகீரெண்டது. சொந்தக்காரனோடை எப்பிடிப் பேரம் பேசுறது? ஆனால் மச்சாளை நீங்கள் எல்லோ பழக்கினீங்கள். "சொந்தம் எண்டால் நல்லதாப் போச்சு தம்பி. அப்ப அந்த 1,500ஐயும் காத்துக் காசையும் வெட்டிவிடும்" எண்டாள்.

அவன் எழும்பி, "மனேச்சரைக் கேட்டுட்டு வாறன்" எண்டு கண்ணாடி அறைக்குள்ளை போனான். இதுதான் இஞ்சத்தைப் பேரத்திலை எனக்குப் பிடிக்காத சங்கதி. சந்தையிலை விக்கிறவனே முதலாளி. முகத்தைப் பார்த்தே எவ்வளவுக்கு இறங்குவான் எண்டு அளக்கலாம். இஞ்சை முடிவு எடுக்கிறவன் கண்ணாடிக்கு அங்காலை, எங்களோடை சிரிக்கிறவனுக்கு அதிகாரம் இல்லை. உள்ளுக்குள்ளை ரெண்டு பேரும் கையை ஆட்டி ஆட்டிக் கதைக்கினம். ஹொக்கி மட்ச்சைப் பற்றியும் இருக்கலாம், ஆருக்குத் தெரியும்? திரும்பி வரேக்கை மட்டும் அவன்ரை முகம் செத்த வீட்டாலை வாறமாதிரி இருந்தது. "மனேச்சர் எனக்குப் பேசிப்போட்டார் அன்ரி. 300 டொலர் குறைக்கலாமாம்."

அந்த இடத்திலை மகள் போனை நீட்டினாள். அதிலை அவையின்ரை சொந்த விளம்பரம். 2010 தை மாதம் தொடக்கம் ஒன்ராறியோவிலை ஒரு சட்டம் இருக்குது அக்கா. முகவர் விளம்பரத்திலை ஒரு விலை போட்டால், தாங்கள் எடுக்கிற கட்டணம் எல்லாம் அதுக்குள்ளை அடங்க வேணும். விற்பனை வரி 13 வீதமும் நம்பர் பிளேட்டுக் காசும்தான் வெளியிலை நிக்கலாம். ஒம்விக் எண்டு ஒரு சபை இதைக் கவனிக்குது. மகள் அந்தப் பேரைச் சொல்லேக்கை பெடியன் கோப்பியைக் கீழை வைச்சிட்டான். அதோடை ஏஜக்ஸிலையும் மார்க்கத்திலையும் இருந்த கடையளுக்கு முதல்நாளே ஈமெயில் போட்டு, எல்லாம் அடங்கின விலையை எழுத்திலை எடுத்து வைச்சிருந்தவள். ஏஜக்ஸ்காரன் 29,650 எண்டு எழுதியிருந்தான். எங்கடை காலத்திலை பக்கத்துக் கடையிலை குறைவெண்டு வாயாலை சொல்லுவம், பாதி பொய். இவளிட்டை மெய்யாவே கடிதம் கிடக்குது.

பெடியன் இன்னும் இழுத்தான். உங்கடை மச்சாள் கைப்பையை எடுத்தாள். "வாங்கோ போவம், ஏஜக்ஸ் பூட்ட முதல்." கதவடிக்குப் போகேக்கை, கண்ணாடி அறைக்குள்ளை இருந்த மனேச்சரே வெளியிலை வந்திட்டார். மாதக் கடைசி, அவைக்கு இத்தனை கார் விக்க வேணும் எண்டு ஒரு எண்ணிக்கை இருக்கும். 29,650க்கே கை குடுத்தார், வரியோடை 33,500 சொச்சம். காருக்குள்ளை சறுக்காத ரப்பர் கால்மிதி நாலும் சும்மா தர வேணும் எண்டு மச்சாள் சொல்ல, அவர் சிரிச்சுப்போட்டு ஓமெண்டார். நீங்கள் விலை தீர்ந்தபிறகு ஒரு நெட்டுக் கறிவேப்பிலையைத் தூக்கிப் பைக்குள்ளை போடுவியளே, அதே கை.

பழைய காரை நாங்கள் ரெண்டு தெரு தள்ளி நிப்பாட்டிப்போட்டுத்தான் போனது. முதலே காட்டினால் இதிலை ஏத்தி அதிலை இறக்கி, கணக்கைக் குழப்பிப் போடுவினம். புதுசின்ரை விலையை எழுதின பிறகுதான் கொண்டுவந்து காட்டினன். 5,000 தந்தினம். வெளியிலை வித்தால் கொஞ்சம் கூட வரும், ஆனால் கடைக்குக் குடுத்தால் மிச்சக் காசுக்கு மட்டும்தான் வரி. அதிலையே 650 மிச்சம்.

இன்னொரு அறை இருந்தது, கடன் எழுதுற அறை. அங்கை ஒரு பெண்பிள்ளை, நல்ல அமைதியான குரல். எஞ்சின் பழுதுக்கு நீட்டின வாறன்ரி, துருவுக்குப் பூச்சு எண்டு, வாற வருசங்களிலை காருக்கு வரக்கூடிய நோயெல்லாத்தையும் சொன்னா. மாரியிலை றோட்டிலை உப்புப் போடுறதாலை துருப் பூச்சு நல்லதுதான், வெளியிலை மலிவாய் அடிக்கலாம். மற்றதெல்லாம் வேண்டாம் எண்டம். கையெழுத்து வைக்க முதல் மகள் ஒவ்வொரு வரியாய் வாசிச்சாள். வாசிக்கத்தான் வேணும் அக்கா. வீட்டு வாசலுக்கு வந்து ஏதும் வித்தால் இஞ்சை 10 நாளுக்குள்ளை வேண்டாம் எண்டு சொல்லலாம். கார்க் கடையிலை வைச்ச கையெழுத்துக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை.

எரிபொருள் மிச்சம் எண்டு பெடியன் பெருமை அடிக்கேக்கை, அத்தான்ரை ஒஸ்ரின் ஏ40ஐப் பற்றிச் சொன்னன். தொண்ணூறுகளிலை பொருளாதாரத் தடை நேரம், ரெண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணெயிலை கீரிமலை மட்டும் ஓடினதெண்டு. "அது என்ன மொடல் ஹைபிரிட், அங்கிள்?" எண்டு கேட்டான். பாவம், இஞ்சை பிறந்தவன்.

இனி, அங்கை கார் வாங்கப் போற மருமகன்ரை விசயம். இலங்கையிலை 2020 பங்குனியிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டி, 2025 மாசியிலைதான் தனியார் கார் திறந்து விட்டிருக்கினம். இடையிலை அங்கை பழங்கார் வாங்கின விலையிலும் பார்க்கக் கூட வித்தது. இஞ்சை கடை வாசலைத் தாண்டினவுடனே ஆயிரக்கணக்கிலை விழுந்திடும். அப்பிடிப் பார்த்தால் நாங்கள் எல்லாரும் தப்பான நாட்டிலை கார் வாங்குறம். ஆனால் அங்கை பேரம் பேச ஆள் ஆர்? சுங்கத் தீர்வை, எஞ்சின் அளவுக்கு உற்பத்தி வரி, அதுக்கு மேலை 18 வீத வற். அரசாங்கத்துக்குக் கைப்பையைத் தூக்கிக் காட்டேலாது. முகவர்காரனோடை மிஞ்சுறது அவன்ரை இலாபத்துண்டு மட்டும். பதிவுக் காசு எல்லாம் சேர்த்து றோட்டிலை இறங்கேக்கை எவ்வளவு எண்டு எழுத்திலை கேக்கச் சொல்லுங்கோ. ரீகண்டிசன் எண்டால் யப்பான் ஏலக் கடதாசியைப் பார்க்காமல் அட்வான்ஸ் குடுக்க வேண்டாம். மைல் கணக்கும் அடிபட்ட இடமும் அதிலைதான் கிடக்கும்.

எல்லாத்துக்கும் மேலாலை, போகேக்கை உங்களையும் கூட்டிக்கொண்டு போகட்டும். அத்தானை வீட்டிலை விடுங்கோ, அவர் "நல்ல கார், நல்ல கார்" எண்டு தொட்டுத் தடவியே விலையைக் கூட்டிப்போடுவார்.

இப்படிக்கு,
உங்கடை தம்பி

பி.கு.: விலையை ரூபாயாக்கி ஊருக்குள்ளை சொல்லிப்போடாதேங்கோ. போனமுறை வீட்டுக்குக் கூரை மாத்தின கதை வெளிக்கிட்டு, கோயில் திருப்பணிச் சபையார் ரசீதுப் புத்தகத்தை முதலே எழுதி அனுப்பினவை. கேட்டால், கார் கிழமைக்கு 125 டொலர் எண்டு சொல்லுங்கோ.