களப்பணியும் கறிச்சோறும்

பி.எஸ்.டபிள்யூ. என்ற படிப்புக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் மரியாதை கிடைக்க வேண்டுமானால், கேட்கிறவருக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருக்க வேண்டும். எங்கள் தாத்தாவுக்கு அந்தப் பாக்கியம் உண்டு. பேரன் பி.டபிள்யூ.டி.க்குப் படிக்கிறான் என்று ஆலங்குடி டீக்கடையில் சொல்லிவிட்டார். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். கண்மாய் மடை ஒழுகுகிறதாம், கலிங்குக் கல் பெயர்ந்து கிடக்கிறதாம், மேலே சொல்லி ஏதாவது செய்ய வேண்டுமாம். நான் படிப்பது சமூகப் பணியில் இளநிலைப் பட்டம் என்று விளக்கினேன்.

"அதுக்குக் கூலி உண்டா தம்பி?" என்றார் ஒருவர்.

"இது படிப்புங்க."

"அதான், படிச்சு முடிச்சா கூலி உண்டான்னேன்."

மூன்று ஆண்டுப் பாடத்திட்டத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றும் எனக்கு வரவில்லை.

முதல் செமஸ்டர் முழுக்க நாங்கள் சிகாகோவில்தான் இருந்தோம். 1889-இல் ஜேன் ஆடம்ஸ் அங்கே ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை மையத்தைத் தொடங்கினார். பிறகு 1917-க்கு நகர்ந்தால் மேரி ரிச்மண்ட், ஆளை விசாரித்து அறிவது எப்படி என்று சொல்லும் 'சோஷியல் டயக்னோசிஸ்' என்ற தடித்த புத்தகத்தோடு காத்திருக்கிறார். அங்கிருந்து கப்பலேறி 1936-இல் பம்பாய் வந்தோம். டாடா பெயரில் நாட்டின் முதல் சமூகப் பணிக் கல்லூரி, அதற்கும் கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்ற அமெரிக்கர்தான் தலைவர். 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் புண்ணியத்தில் படிப்பு சென்னைக்கு வந்தது. அது திருச்சியைத் தாண்டி, கீரனூரில் டீ குடித்துவிட்டுப் புதுக்கோட்டைக்குள் நுழையும்போது எனக்கு இரண்டாம் ஆண்டே முடியப்போகிறது.

இத்தனைக்கும் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த ஒரு பெண், பெண்பிள்ளை வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் குதித்த காலத்தில் மன்னர் கல்லூரியில் படித்து, மருத்துவராகி, 1927-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் போய், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடி, அவ்வை இல்லத்தை நிறுவி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையையும் திறந்திருக்கிறார். எங்கள் வகுப்பில் ஜேன் ஆடம்ஸ் பத்து மதிப்பெண். முத்துலட்சுமி ரெட்டி இரண்டு மதிப்பெண், அதுவும் 'சிறுகுறிப்பு வரைக'. ஊரில் நிலைமை நேர்மாறு. கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் 18,000 ரூபாய் பெறுமான மகப்பேறு உதவி அவர் பேரில் வருகிறது. "முத்துலட்சுமி வந்துருச்சா?" என்று கேட்டால் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். ஜேன் ஆடம்ஸ் பேரில் இங்கே யாருக்கும் ஒரு ரூபாய் ஏறியதில்லை.

களப்பணி என்பது கழுத்தில் அடையாள அட்டை, கையில் ரைட்டிங் பேடு, முகத்தில் பரிவு. இந்த மூன்றோடும் ஒருவன் கிராமத்துக்குள் நுழைந்தால் அவன் சர்க்கார் ஆள் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபின் கேட்கவே வேண்டாம். நான் வாயைத் திறப்பதற்குள் ஆதார் ஜெராக்ஸ் பேடின் கிளிப்பில் செருகப்பட்டிருக்கும். நான் மாணவன் என்றால், "பரவால்ல, நீயே எழுதிக்க" என்பார்கள்.

நேர்காணல் எடுக்க ஒரு அப்பத்தாவிடம் உட்கார்ந்தேன். பேசி முடித்தபோது என் தாளில் இருந்தது: வயது எழுபது இருக்கலாம். அப்பத்தாவிடம் இருந்தது: என் அப்பா பேர், அம்மா பிறந்த ஊர், எங்களுக்கு எத்தனை மா நிலம், அக்காவை எங்கே கட்டிக்கொடுத்தது, மாப்பிள்ளை குடிப்பாரா, நான் ஏன் நர்சிங் எடுக்கவில்லை. மேரி ரிச்மண்ட் உயிரோடிருந்தால் அந்த அம்மாவை உதவியாளராக வைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீ எந்தத் தெருப்பா?" என்றது. எங்கள் பக்கம் அந்தக் கேள்வி தெருவைப் பற்றியது அல்ல. ரிச்மண்டிடம் அதற்குப் பதில் இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்துவந்தேன்.

ரகசியம் காத்தல் எங்கள் தொழிலின் தலையாய நெறி. அறிக்கையில் பேரை மாற்றி, 'திருமதி அ' என்று எழுத வேண்டும். அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிறேன், டீக்கடைக்காரர் கேட்கிறார்: "அந்த அம்மா மருமகளப் பத்திச் சொன்னத எழுதிட்டியா, இல்ல நான் சொல்லவா?"

பங்கேற்பு ஊரக மதிப்பீடு என்று ஒரு முறை இருக்கிறது. ராபர்ட் சேம்பர்ஸ் உலகமெல்லாம் பரப்பியது. மக்களே தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போடுவார்கள்; பிரச்சினைகளை வரிசைப்படுத்த, எது பெரிதோ அதற்கு அதிக விதைகள் வைப்பார்கள். உள்ளூரில் கிடைக்கிற பொருளைப் பயன்படுத்தச் சொல்லியிருந்ததால் நிலக்கடலையை எடுத்துக்கொண்டோம். அரை மணியில் படம் அழகாக வந்தது, தன் வீட்டைச் சின்னதாகப் போட்டதாக ஓர் அத்தை கோபித்துக்கொண்டு போனதைத் தவிர. குடிநீருக்கு ஒரு குவியல் கடலை, சுடுகாட்டுப் பாதைக்கு அதில் பாதி, பஸ் வசதிக்குக் கொஞ்சம். குடிநீர்ப் பக்கம் நாலு வாண்டுகள் உட்கார்ந்திருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. எண்ண ஆரம்பித்தபோது அந்த ஊரில் குடிநீர்ப் பிரச்சினையே இல்லை.

'சோஷியல் ஆக்‌ஷன்' என்ற தாளுக்கு நெடுவாசலுக்குப் போனேன். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து வாரக்கணக்கில் உட்கார்ந்த ஊர் அது. புத்தகத்தில் இருந்த படிநிலைகளை வரிசையாகச் சொல்லி, நீங்கள் எதிலிருந்து தொடங்கினீர்கள் என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். "மொதல்ல சோறு யாரு ஆக்குறதுன்னு முடிவு பண்ணுனோம்" என்றார். என் புத்தகத்தில் அந்தப் படியே இல்லை. அது இல்லாமல் மற்ற படிகளில் எப்படி ஏறுவார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பெண்கள் அதிகாரம் பெறுதல் பற்றி வீட்டில் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தபோது, புளி ஆய்ந்துகொண்டிருந்த அம்மா, "இது எப்பத்திய கதை?" என்றார். 1991-இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் வந்தபோது அம்மாவுக்குப் பதினாறு வயது. அன்றைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துவிட்டார். ஆயிரக்கணக்கான பெண்கள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்து, குறுக்குக் கம்பி வைத்த ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பற்றி எழுதியதை டெல்லியில்கூடப் படித்தார்கள். அம்மாவின் பங்கு என்ன என்று கேட்டுப் பேனாவைத் திறந்தேன்.

"எங்கப்பா சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிட்டேன்."

"தாத்தா?"

"நடந்து வந்தாரு."

'ஆண்களின் ஒத்துழைப்பு' என்ற தலைப்பின் கீழ் அதை எழுதினேன்.

கடைசிக் களப்பணி கீரமங்கலம் பக்கம். 'கிராம மக்களின் நிதி ஆதாரங்களும் கடன் வசதியும்.' சுய உதவிக் குழுக்களைப் பார்க்கத்தான் போனேன். நான் போனது ஆடி மாதம். ஆடியில் அந்தப் பக்கம் யாரும் வீட்டில் இருப்பதில்லை, மொய் விருந்தில் இருப்பார்கள். அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேராவூரணிப் பக்கம் தொடங்கி இங்கே வடகாடு, கொத்தமங்கலம் வரை வேரூன்றிய ஏற்பாடு இது. காதணி விழா என்று பத்திரிகை அடிப்பார்கள். காது ஏற்கெனவே குத்தியிருந்தாலும் பாதகமில்லை. செலவைக் குறைக்கப் பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் விருந்து வைப்பார்கள். வந்தவர்கள் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். நோட்டில் பேர், ஊர், தொகை ஏறும். அவரவர் முறை வரும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்தும் வைக்க வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போடுகிறார்கள், பிள்ளையை இன்ஜினீயரிங் சேர்க்கிறார்கள், லாரி வாங்குகிறார்கள். 2018-இல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தபின் இந்தச் சக்கரமும் திணறியது. ஆனாலும் நோட்டை யாரும் கிழித்துப் போடவில்லை. பணம் எண்ணும் இயந்திரம் வைத்து, கம்ப்யூட்டரில் ரசீது போடும் பந்தல்களும் உண்டு. எங்கள் பாடத்தில் சமூக மூலதனம் என்று ஓர் அத்தியாயம் வருகிறது. அதை எழுதியவருக்கு ஓர் இலை போட்டிருக்கலாம்.

என் கையெழுத்து நன்றாக இருந்ததால் மொய் எழுதும் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்று வருஷக் களப்பணியில் முதன்முறையாக எனக்கு ஒரு வேலை. சும்மா எழுந்து வர மனமில்லாமல் நானும் ஒரு நூறு ரூபாய் வைத்தேன்.

அறிக்கையைப் படித்த பேராசிரியை திருப்பி அனுப்பினார். படிவத்தில் 'பயனாளி' என்று ஒரு கட்டம், 'உதவியவர்' என்று ஒரு கட்டம். இரண்டிலும் நான் ஊர்ப் பேரையே எழுதியிருந்தேன். இது செல்லாது, யார் எது என்று பிரித்துக் கொண்டுவா என்றார். விருந்து வைத்தவரைத் தேடி மறுபடி பஸ் ஏறினேன். தென்னந்தோப்பில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். படிவத்தை வாங்கி, எட்டப் பிடித்துப் படித்தார்.

"பணம் வாங்குனது நானு. கறிச்சோறு தின்னது நீ. உன் நூற நான் திருப்பணும், நீ எனக்கு எப்ப விருந்து வைக்கப் போற, சொல்லு. தேதி தெரிஞ்சாத்தானே கட்டத்த நெரப்ப முடியும்?"