ரெஃப்ரெஷ் வழிபாடு: ஒரு முதற்கட்ட ஆய்வு

விண்டோஸ் கம்ப்யூட்டரைப் போட்டதும் நம்மவர் செய்யும் முதல் காரியம், டெஸ்க்டாப்பில் காலி இடம் பார்த்து மவுஸின் வலது பட்டனை அழுத்தி, விரிகிற பட்டியலில் ‘ரெஃப்ரெஷ்’ஷைத் தட்டுவது. ஐகான்கள் ஒருமுறை கண் சிமிட்டும். மறுபடி தட்டுவார், மறுபடி சிமிட்டும். இதில் இரு மரபுகள் உண்டு. மவுஸ் மரபினர் ஒவ்வொரு முறையும் பட்டியலை முறைப்படி திறப்பர். கீபோர்டு மரபினர் எஃப்5 விசையில் வைத்த விரலை எடுப்பதில்லை. இத்தனை பேர் இத்தனை காலமாக விடாமல் செய்யும் ஒன்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது ஆய்வாளனுக்கு அழகல்ல. இச்செயலால் பயன் உண்டு. ஆனால் அது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்வதில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் சான்று. டெஸ்க்டாப் என்பதும் ஒரு ஃபோல்டர்தான். அதில் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று மறுபடி பார்த்து ஐகான்களைப் புதிதாக வரைவதோடு ரெஃப்ரெஷின் கடமை முடிந்தது. காப்பி செய்த ஃபைல் கண்ணில் படாதபோது அது உண்மையிலேயே உதவும். ராமைக் காலி செய்யாது; வைரஸை விரட்டாது. ஐயமுள்ளவர் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு, டெஸ்க்டாப்பில் எஃப்5-ஐ அமுக்கிப் பிடிக்கட்டும். மெமரிக் கணக்கு இறங்காது. எக்ஸ்ப்ளோரரின் சிபியு சதவீதம்தான் ஏறும். இளைப்பாற்றுவதாக நினைத்துக் கூடுதல் வேலை கொடுத்திருக்கிறோம்.

‘நாலு ரெஃப்ரெஷ் அடித்தபின் வேகமாகிறதே’ என்பார் மறுப்பாளர். ஆகிறதுதான். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க், நொடிக்கு 120 முறைதான் சுற்றுகிறது. வேண்டிய தகவல் தலைமுனைக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, அடுத்த இடத்துக்கு நகர்ந்து, சிதறிக் கிடக்கும் துண்டுகளில் நொடிக்கு நூறு சொச்சத்தைத்தான் அது எடுக்க முடியும். ஆன் செய்ததும் ஆன்டிவைரஸ், பிரின்டர் மென்பொருள், எப்போதோ இறக்கிய வீடியோ பிளேயரின் அப்டேட்டர் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடிக்கின்றன. கூட்டம் தானாகக் கலைய ஓரிரு நிமிடம் பிடிக்கும். அந்த இடைவெளியைத்தான் ரெஃப்ரெஷ் நிரப்புகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முடித்துவிடலாம். அது அவசரத் தீர்ப்பு. ரெஃப்ரெஷ் இல்லையென்றால் அந்தக் கை சும்மா இருந்திருக்குமா? பிரௌசரை ஐந்து முறை டபுள் கிளிக் செய்து, ஐந்து ஜன்னல்களையும் அதே வரிசையில் நிறுத்தியிருக்கும். பொறுமையற்ற கையைத் தீங்கற்ற வேலையில் கட்டிப்போடுவதற்கு இதைவிட மலிவான கருவி இன்னும் வரவில்லை.

‘அதற்குப் பதில் முறையான பராமரிப்பு செய்யலாமே’ என்பது அடுத்த மறுப்பு. நியாயம்தான். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் வேண்டாதவற்றை முடக்கலாம். மின்விசிறியில் அடைந்த தூசியைத் தட்டலாம். ஷட் டவுனை நம்பாமல் ரீஸ்டார்ட் கொடுக்கலாம்: 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கம்ப்யூட்டர்களில், ஷட் டவுன் செய்யும்போது இயங்குதளத்தின் உட்கரு டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது, ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கும். ஆனால் இவற்றில் எதையும் காபி டம்ளரை ஒரு கையில் வைத்துக்கொண்டு செய்ய முடியாது.

எஸ்எஸ்டி வந்து காத்திருப்பே போன பிறகும் ஏன் தட்டுகிறார்கள் என்ற வினா வலுவானது. 2021-இல் விண்டோஸ் 11-இன் முன்னோட்டப் பதிப்பு ரெஃப்ரெஷை ‘கூடுதல் விருப்பங்கள்’ என்ற உள்ளறைக்குள் தள்ளிப் பார்த்தது. அடுத்த மாதமே, ஜூலையில், மைக்ரோசாஃப்ட் அதை முகப்புப் பட்டியலுக்கே திருப்பிக் கொண்டுவந்தது. இயந்திரத்துக்குத் தேவையென்று அதைக் கொண்டுவந்திருக்க முடியாது. மேக் டெஸ்க்டாப்பில் ரெஃப்ரெஷே இல்லை, அவர்கள் வாழவில்லையா என்று கேட்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: மேக் திணறும்போது திரையில் ஒரு வண்ணச் சக்கரம் தானே சுழல்கிறது. விண்டோஸ்காரர் கையால் செய்வதை அவர்கள் கண்ணால் செய்கிறார்கள்.