கையெழுத்துக்காரர்

கையெழுத்துக்காரர் வீட்டில் எந்தப் பொருளையும் ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. மூத்த மருமகள் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்த அன்றைக்கே மாமியார் சொல்லிக்கொடுத்தது இதுதான்: “பிரிட்ஜ் கதவத் தொடாத. கரம் போட்டத் தொடாத. கூடத்துக் கதிரையில வலது பக்கம் சாயாத. மத்தபடி ஒன் வீடு மாதிரி நெனச்சுக்க.”

பிரிட்ஜ் கதவில் ஒரு தொலைக்காட்சி நாடக நடிகரின் கையெழுத்து இருக்கிறது. கதிரையின் வலது கைப்பிடியில் ஊர் ஊராக வித்தை காட்டிய ஒரு மஜிக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கரம் போட்டில் யார் யார் என்பது தனிக் கதை, பிறகு வருகிறேன்.

பெல்மடுல்லையிலிருந்து நோனாகம நோக்கி இறங்கும் ஏ18 பாதையில், மலைக்குளிர் முடிந்து வெயில் ஆரம்பிக்கிற ஊர் எம்பிலிப்பிட்டிய. றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்து இங்கே கடை போட்ட ஒருவரின் மகன்தான் நம்முடைய ஆள். ஹாட்வெயார் கடை. சிங்களத்தில் விலை பேசுவார், தமிழில் கோபப்படுவார், கையெழுத்தை மட்டும் ஆங்கிலத்தில் போடுவார். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மார்க்கர் இருக்கும்: வெளிர் நிறப் பொருளுக்குக் கறுப்பு, கறுப்புப் பொருளுக்கு வெள்ளி நிறம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இந்த இரண்டும் போகும். சாவு வீட்டுக்குக் கறுப்பு மட்டும்.

உடவலவைக்கு யானை பார்க்க யாராவது பிரபலம் வருகிறார் என்று காதில் விழுந்தால் போதும், கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் த்ரீவீலரில் ஏறிவிடுவார். ஆள் வராமல் போன நாட்களும் உண்டு. அப்போது அவருக்கு மிஞ்சுவது யானைதான். தேசியப் பூங்கா வேலி ஓரமாக நின்று போகிற வருகிறவர்களிடம் பழம் வாங்கித் தின்றே பெயரெடுத்தது ராம்போ என்ற யானை. “நாட்டுல இவனத் தெரியாத ஆள் இல்ல, ஆனா கையெழுத்துப் போடத் தெரியாதே” என்று அவர் வருத்தப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன். கால் தடம் வாங்கலாமா என்று ஒரு காவலரிடம் விசாரித்தாராம். அந்தக் காவலர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

அவருடைய பொருளாதாரம் எளிமையானது. “வெறும் மட்டை அஞ்சாயிரம். அதுல ஒருத்தர் கையெழுத்துப் போட்டா அம்பதாயிரம். அப்ப நாலு பேர் போட்டா?” இதற்கு இரண்டு லட்சம் என்று சொல்ல வேண்டும். சொல்லத் தவறினால், உங்களுக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டிவிடுவார்.

கடையில் தொங்குகிற கிரிக்கெட் மட்டைகளில் ஆட்டக்காரர்களின் கையெழுத்தை அச்சடித்து ஒட்டியிருப்பார்கள் அல்லவா, அதையும் அவர் சேகரிப்பில் சேர்த்திருக்கிறார். அக்கா மகன் ஒருநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “மாமா, இது ஸ்டிக்கர்” என்றான்.

“ஸ்டிக்கர்னாலும் அவரோட ஸ்டிக்கர்தானடா?”

இதற்கு உலகத்தில் எந்த ஏலக்காரனாலும் பதில் சொல்ல முடியாது.

மனிதர் முழு முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். வாதத்துக்கு வந்தால் கையில் ஆதாரம் வைத்திருப்பார். 2011 உலகக் கிண்ண இறுதியில் டோனி பிடித்த மட்டை, அதே வருடம் ஜூலையில் லண்டனில் நடந்த ஒரு தர்ம விருந்தில் 1 லட்சம் பவுணுக்குப் போனது. கிரிக்கெட் மட்டை ஒன்றுக்குக் கிடைத்த மிகப் பெரிய விலை என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. இதைச் சொல்லிவிட்டு அவர் நம்மை வெற்றியோடு பார்ப்பார். நான் கேட்டேன்: “அண்ணே, அந்தக் காசு எழுத்துக்கா, சிக்ஸருக்கா?” மும்பையில் அந்தக் கடைசி சிக்ஸர் போனது நம்முடைய குலசேகரவின் பந்தில். அந்த மட்டைக்கு விலை ஏற்றியதில் இலங்கைக்கும் பங்கு இருக்கிறது, கமிஷன்தான் வரவில்லை.

என் கட்சி இவ்வளவுதான். எந்தப் பொருளில், யார், எப்போது என்ற மூன்றும் பொருந்தினால் கையெழுத்துக்கு விலை உண்டு. பிரிட்ஜ் கதவுக்கும் நாடக நடிகருக்கும் என்ன பொருத்தம்? அவர் அதற்குள்ளிருந்து தண்ணீர் எடுத்துக் குடித்தார், அவ்வளவே.

கையெழுத்தே விலையான இடங்களும் உண்டு. அமிதாவ் கோஷ் என்பவர் 1985 ஜனவரி 15 முதல் பெப்ரவரி 4 வரை, 20 நாள் மட்டும் இந்திய ரிசர்வ் வங்கியின் கவர்னராக இருந்தார். அவர் கையெழுத்துள்ள 10 ரூபாய் நோட்டைத் தேடி நாணயச் சேகரிப்பாளர்கள் அலைகிறார்கள். இதைக் கையெழுத்துக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து கடைக் கல்லாவில் விழுகிற ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சீமெந்து வாங்க வந்தவர்கள் கள்ளநோட்டுச் சந்தேகம் என்று கோபித்துக்கொள்கிறார்கள். இலங்கை நோட்டில் நிதி அமைச்சர், மத்திய வங்கி ஆளுநர் என்று இரண்டு கையெழுத்து. அவர் கணக்குப்படி மதிப்பு இரட்டிப்பாக வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்தது, மே மாதத்தில் 360ஐத் தொட்டது. இரண்டு பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்ட பொருள் இரண்டே மாதத்தில் எப்படி இறங்கியது என்று கேட்டால், “அவங்க மார்க்கர்ல போடல, அச்சடிச்சது” என்கிறார். அக்கா மகனிடம் சொன்ன நியாயம் இங்கே தலைகீழாகிவிட்டது.

அவருடைய அப்பாவுக்குக் கையெழுத்து வராது, பெருவிரல்தான். 1964 ஒக்டோபரில் டில்லியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட இரண்டு கையெழுத்து, தோட்டத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அதில் சித்தப்பா குடும்பம் கோத்தகிரிப் பக்கம் போனது, அப்பா இங்கே நின்றார். குடியுரிமைப் பத்திரத்துக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி, யாரோ ஒருவர் கையெழுத்துப் போட மாட்டாரா என்று காத்துக் கிடந்த மனிதரின் மகன், கண்ணில் படுகிறவரிடமெல்லாம் கையெழுத்துக் கேட்கிறவராக வளர்ந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் பத்திரத்தை மட்டும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை, விலையும் சொல்வதில்லை. அலுமாரியில் சேலைக்கு அடியில் இருக்கிறது.

சரி, இனி ஒரு பின்போல் மெஷின் கதை. டொரொண்டோவில் இருக்கிற அவருடைய மச்சான் பழைய பின்போல் மெஷின் ஒன்றை வாங்கி வீட்டு நிலவறையில் வைத்தார். இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: திருவிழாக் கடையில் ஆணியடித்த சாய்வுப் பலகையில் கோலி ஓட விடுவார்களே, அதற்குக் கரண்ட் கொடுத்துக் கண்ணாடி மூடினால் இது. உருண்டு வருகிற இரும்புக் குண்டு கீழே விழுந்துவிடாமல் இரண்டு சிறிய துடுப்புகளால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். சூதாட்டம் என்று சொல்லி 1942 இல் நியூயோர்க் இதைத் தடை செய்தது. மேயர் லா கார்டியா பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்துச் சம்மட்டியால் மெஷின்களை உடைத்தார். 1976 இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகரசபை உறுப்பினர்களுக்கு முன்னால் நின்று, குண்டு எந்தப் பாதையில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி அடித்துக் காட்டினார். அதிர்ஷ்டமல்ல, கைத்திறன் என்று ஒப்புக்கொண்டு தடையை நீக்கினார்கள். நான் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் கையெழுத்துக்காரர் பெருமூச்சு விட்டார். “அந்தச் சம்மட்டியில மேயர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கி வச்சிருந்தா!”

மச்சான் வாங்கியது 1992 இல் வந்த ‘ஆடம்ஸ் ஃபேமிலி’. பாட் லாலரும் லாரி டிமாரும் உருவாக்கியது, 20,270 மெஷின்கள் விற்றது. பிறகு 1994 இல் தங்க நிறப் பதிப்பாக 1,000 மட்டும் செய்தார்கள். மச்சானுடையது தங்கம் இல்லை. ஆனால் முகப்புப் படத்தில் யாரோ ஒருவரின் கையெழுத்து, மேலே “பொப்புக்கு, வாழ்த்துகளுடன்” என்று ஒரு வரி. இதற்கு விலை கூடுமா குறையுமா என்று வாட்ஸப்பில் கேட்டார். யாரிடம் கேட்கிறோம் என்று யோசித்திருக்கலாம்.

கையெழுத்துக்காரரின் பதில் நீண்ட குரல் பதிவாகப் போனது. முதல் ஆலோசனை: “ஒன் பேர பொப்னு மாத்திக்க, செலவு கொறவு.” இரண்டாவது: சிக்காகோவில் 1985 முதல் பின்போல் கண்காட்சி நடக்கிறதாமே, அங்கே போய் மெஷின் செய்தவர்கள் எல்லாரிடமும் வாங்கு. மூன்றாவது: அதில் குரல் கொடுத்த நடிகரிடமும் வாங்கு. ரவுல் ஜூலியா 1994 இலேயே காலமாகிவிட்டார் என்று மச்சான் சொன்னதற்கு, “அப்ப மகன்கிட்ட வாங்கு, குடும்பக் கையெழுத்து ஒரே மாதிரித்தான் இருக்கும்.”

மெஷின் வாங்கி விற்கிறவர்கள் பார்க்கிறது வேறு. குண்டு ஓடி ஓடி ஆட்டப்பலகையின் பெயின்ட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, துடுப்புகளில் பலம் இருக்கிறதா, ஸ்கோரை மறக்காமலிருக்க உள்ளே வைக்கிற மூன்று சின்னப் பற்றரிகள் கசிந்து சர்க்யூட் பலகையை அரித்திருக்கிறதா. இதெல்லாம் சரியாக இருந்தால் விலை. கையெழுத்து அதற்கு மேல் ஒரு பேச்சு. அதுவும் போட்ட இடத்தைப் பொறுத்தது. ஆட்டப்பலகையில் போட்டால் இரும்புக் குண்டே அழித்துவிடும். மேல் கண்ணாடியில் போட்டால் துடைக்கிறவர் அழித்துவிடுவார். முகப்புப் படத்தில் போட்டால் நிற்கும், ஆனால் அந்தப் பெயர் பிடிக்காதவருக்கு அது கிறுக்கல். பின்போல் மெஷின் செய்கிற ஸ்டேர்ன் கம்பனி இந்தக் குழப்பமே வேண்டாம் என்று தன்னுடைய வரையறுத்த பதிப்புகளில் வடிவமைத்தவரின் கையெழுத்தையும் வரிசை எண்ணையும் தொழிற்சாலையிலேயே சேர்த்து அனுப்புகிறது. அங்கே மெஷின் விலையிலேயே கையெழுத்தும் அடங்கிவிடுகிறது.

பொப் விவகாரம் நம்மவருக்கு ஒரு பாடமாக இருந்திருக்க வேண்டும். இவருடைய பொருட்கள் எல்லாவற்றிலும் இவர் பெயர், இனிஷியலோடு, சிலவற்றில் கடைப் பெயரோடு. கேட்டு எழுதி வாங்கியது. விற்பதென்றால் அதே பெயரும் அதே இனிஷியலும் உள்ள, கையில் காசுள்ள, கொஞ்சம் அசட்டுத்தனமும் உள்ள ஒருவர் கிடைக்க வேண்டும். அப்படி ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார். அவர் ஏற்கெனவே அவற்றுக்குச் சொந்தக்காரர்.

இனி கரம் போட். நம் வீடுகளில் பின்போலின் இடத்தில் இருப்பது இதுதான். போர்ட் நல்ல போர்ட். கனமான பலகை, அப்பா காலத்தில் வாங்கியது. அதில் ஒரு பிரதேச சபை உறுப்பினர், ஒரு பாடகர், யாருக்கும் முகம் ஞாபகமில்லாத ஒரு விளம்பர நடிகை, பிறகு அதே பிரதேச சபை உறுப்பினர் கட்சி மாறிய பிறகு இன்னொரு தடவை. இரண்டு கையெழுத்தும் வேறு வேறு மாதிரி. எதற்கும் ஆதாரம் வேண்டுமென்று படமும் எடுத்து வைத்திருக்கிறார்; படத்தில் இவர் முகம் முழுதாக இருக்கிறது, பிரபலத்தின் காது தெரிகிறது.

2012 இல் கொழும்பில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் நம் நாட்டு நிஷாந்த பெர்னாண்டோ பட்டம் வென்றார். சென்னையில் மரியா இருதயம் இருக்கிறார். இரண்டு முறை உலகச் சாம்பியன், கரம் ஆட்டத்துக்காக அர்ஜுனா விருது பெற்றவர். இவர்களில் ஒருவரின் கையெழுத்து அந்தப் பலகையில் இருந்தால் நானே எழுந்து நின்று கும்பிடுவேன். கையெழுத்துக்காரருக்கும் அந்த ஆசை உண்டு. போர்டில் இடம்தான் இல்லை.

விளையாடவும் முடியாது. மார்க்கர் மை பொலிஷில் ஊறி ஒரு மாதிரிப் பிசுபிசுப்பாகிவிட்டது. எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் பாடகர் மேல் வந்து நின்றுவிடும். சிவப்புக் காயை எடுக்கப் போன ஸ்ட்ரைக்கர் பிரதேச சபையைத் தாண்டுவதில்லை. பிள்ளைகள் இப்போது எதிர்வீட்டுக்குப் போய் விளையாடுகிறார்கள். அங்கே போர்ட் மலிவு, ஆனால் வழுக்குகிறது.

மச்சான் போன மாதம் மெஷினை விற்றுவிட்டார். வாங்கியவர் துடுப்புகளை அடித்துப் பார்த்தார், பின்பக்கம் திறந்து பற்றரி பார்த்தார், பேசிய விலையைக் கொடுத்தார். பொப்புக்குப் போட்ட கையெழுத்துக்குத் தனியாக ஒரு சதமும் கிடைக்கவில்லை. அந்த முகப்புப் படத்துக்குப் புதியது மாற்ற எவ்வளவு ஆகும் என்று மட்டும் விசாரித்தாராம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். எம்பிலிப்பிட்டியவில் ஒரு கரம் போட் விலைக்கு இருக்கிறது. சொல்கிற விலை இரண்டு லட்சம், மனைவி கடையில் இருக்கும் நேரம் போனால் ஆறாயிரத்துக்கு முடிக்கலாம். பலகை உண்மையிலேயே நல்லது. வாங்குகிறவர்கள் சேன்ட்பேப்பரும் கொண்டு போங்கள்.