கணக்கில் ஏறிய சாந்தி

1896-இல் அருணாசலத்தை அடைந்து, கௌபீனமும் கமண்டலமும் அன்றி வேறு உபகரணம் ஏதுமின்றி 1950 வரை அங்கேயே வாழ்ந்த ரமண மகரிஷிக்கு வாய்க்காத ஆரோக்கிய சாதனங்கள், நிர்வாகம் மன அமைதிக்காக அனுப்பிவைக்க, செங்கம் சாலையில் குளிர்சாதனப் பேருந்திலிருந்து இறங்கும் கணினி நிறுவன ஊழியர்களுக்கு வாய்த்திருப்பது நம் காலத்தின் பெரும் பாக்கியமே. அவர்களுள் பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலுடன் முடித்த அன்பர் ஒருவர், கைக்கடிகாரம் சார்ஜ் இறங்கி அணைந்து கிடப்பதைக் கண்டு, அடி எண்ணிக்கையில் ஏறாத புண்ணியம் புண்ணியமாகாது என்ற தெளிவோடு ராஜகோபுரத்திலிருந்து மறுபடியும் புறப்பட்டார். இத்தகைய சிரத்தையை எந்தச் சாஸ்திரம்தான் போற்றாது? ரமணாசிரமத்துப் பழைய ஹாலில் யார் எத்தனை நிமிஷம் மௌனம் காத்தார் என்பதை மேலாளரே படிவத்தில் குறித்துக்கொள்கிறார். சென்ற முறை வந்தவர்களுள் ஒருவருக்கு மட்டும், துரதிர்ஷ்டவசமாக, மெய்யாகவே மன அமைதி சித்தித்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் அவருடைய ராஜினாமாக் கடிதம் வந்து சேரவே, அடுத்த மாதம் முதல் ஏற்காடு போதும் என்று நிர்வாகம் தீர்மானித்துவிட்டது.